எந்த நெறிமுறை என்று சொல்லாமல் விபிஎன் போடச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் பசியாறிக்கொண்டே படித்தேன். நம் தரவைப் பூட்டி, சுரங்கம் போட்டதுபோல் வேறோர் இடத்துக் கணினி வழியாக இணையத்துக்கு அனுப்பும் ஏற்பாடுதான் விபிஎன். அதைப் போட்டுக்கொண்டால் வேகமும் பாதுகாப்பும் சேர்ந்தே வரும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அதன் பலன் திங்கட்கிழமையே என் கடை வாசலில் வந்து நின்றது. லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, உங்கள் பத்திரிகையை நான்காக மடித்துக் கையில் பிடித்தபடி வந்தார். "தம்பி, இதில் எழுதியிருந்த மாதிரியே போட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேத்தியின் பாடம் திறக்கவே மாட்டேன் என்கிறது" என்றார். எனக்கு வயது அறுபத்து மூன்று; சுங்கை சிப்புட்டில் என்னைத் தம்பி என்று அழைக்க இன்னும் ஆள் இருப்பது மகிழ்ச்சிதான்.

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். இலவசச் செயலி. சுரங்கத்தின் மறுமுனைக் கணினியான சர்வர் ஐஸ்லாந்தில். சுரங்கம் எந்த முறையில் போடப்படுகிறது என்று காட்டும் நெறிமுறை என்ற இடத்தில் ஓப்பன்விபிஎன், டிசிபி. சிக்னல் ஒரே ஒரு கம்பி. சிங்கப்பூரிலிருந்து நேராக வரக்கூடிய பாடம் அட்லாண்டிக் கடலைச் சுற்றிக்கொண்டு லிந்தாங் சாலைக்கு வர முயன்றுகொண்டிருந்தது. அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது, எந்த நெறிமுறையைத் தேர்ந்தெடுப்பது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தவன். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை. சேமநிதிப் பாரம், சொக்சோ பாரம், கடப்பிதழ் விண்ணப்பம் எல்லாம் நிரப்பிக் கொடுக்கிறேன். நாள் முழுவதும் அடுத்தவருடைய அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் என் கைவழியே போகின்றன. கணினி படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். ஆனால் ஒரு தவறான நெறிமுறையோடு பன்னிரண்டு ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அது எத்தனை பட்டதாரிகளுக்கு வாய்த்திருக்கும்?

எங்கள் ஆபீசுக்கும் கோலாலம்பூர்த் தலைமையகத்துக்கும் இடையே 2004 முதல் ஒரு விபிஎன் இருந்தது. பிபிடிபி என்ற வகை. மாதச் சம்பளக் கணக்கு அதன் வழியாகத்தான் போகும். இருநூறு பேருக்கு மேல். அவர்களின் அடையாள அட்டை எண், சேமநிதி எண், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொல்லை ஆபீஸ் நாட்காட்டியின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். 2016இல் எங்கள் மேனேஜர் தம் ஐஃபோனை ஐஓஎஸ் 10க்கு மாற்றினார். மறுநாள் காலையில் விபிஎன் இல்லை. பிபிடிபி என்ற வரியே அமைப்புப் பக்கத்தில் காணோம். "போனில்தான் கோளாறு, வேறு போன் வாங்கச் சொல்லுங்கள்" என்று தலைமையகத்துக் கணினிக்காரர் தொலைபேசியில் சொன்னார். கோளாறு போனில் இல்லை. பிபிடிபி பாதுகாப்பற்றது என்று ஆப்பிள் நிறுவனம் அதை ஐஃபோனிலிருந்தும் மேக் கணினியிலிருந்தும் அந்த ஆண்டு எடுத்தே விட்டிருந்தது.

அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். மைக்ரோசாஃப்டின் பிபிடிபியில் உள்ள ஓட்டைகளைக் கணினிப் பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 1998இலேயே எழுதிவிட்டார். 2012இல் லாஸ் வேகசில் நடந்த டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் கதையையே முடித்துவிட்டார்கள். பிபிடிபி கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையை உடைப்பது, டிஇஎஸ் என்ற பழைய பூட்டுமுறையின் 56 பிட் நீளமுள்ள ஒரே ஒரு சாவியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குச் சமம். ஒரு நாளுக்குள் வேலை முடிந்துவிடும் என்று காட்டினார்கள். கடவுச்சொல் எவ்வளவு நீளம், எவ்வளவு கடினம் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் எங்கள் மக்களின் சம்பளக் கணக்கு அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. நாட்காட்டியில் எழுதி வைத்ததற்காகப் பெரிய கிராணியிடம் நான் வாங்கிய ஏச்சுதான் வீண்.

பிறகு எல்2டிபி வந்தது. அதற்கென்று தனிப் பூட்டு கிடையாது. ஐபிசெக் என்ற இன்னொன்றின் தோளில் ஏறித்தான் வரும். நிறுவனத்தார் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே சாவியைத் தட்டச்சு செய்து அனுப்பிவைத்தார்கள். அந்தச் சாவி தெரிந்த எவனும் நடுவில் நின்றுகொண்டு 'நான்தான் தலைமையகம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் பிபிடிபி, எல்2டிபி ஆகிய இரண்டு வகையையும் கைப்பேசி அமைப்பில் புதிதாகச் சேர்க்க இடமில்லை. எங்காவது பழைய ரவுட்டரில் இவற்றின் பெயர் தென்பட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவின் கைப்பேசிக்கு வருகிறேன். டிசிபி, யூடிபி என்று இணையத்தில் தரவு போக இரண்டு வழிகள் உண்டு. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் நின்ற உங்கள் வாசகர்களுக்கு இது விளங்கும். மண்டோர், அதாவது கங்காணி, பெயரைக் கூப்பிடுகிறார். பதில் வந்தால்தான் கணக்கு. வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுவார். இவர் டிசிபி. இன்னொரு மண்டோர் எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு லாரியை எடுக்கச் சொல்கிறார். வந்தவன் வந்தான், வராதவன் வரவில்லை. இவர் யூடிபி. நாம் பார்க்கும் இணையப் பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஏற்கெனவே ஒரு டிசிபி மண்டோர் இருக்கிறார். விபிஎன்னையும் டிசிபியில் வைத்தால் வெளியே இன்னொரு மண்டோர் வந்து சேர்கிறார். சிக்னல் நன்றாக இருக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் கவனிப்பதில்லை. மழையில் ஒரு பெயர் தவறிவிட்டால் வெளியில் இருப்பவர் திரும்பக் கூப்பிடுகிறார். பதில் வரத் தாமதமாகிறதே என்று உள்ளே இருப்பவரும் திரும்பக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட பெயர்களே வரிசையில் குவிந்து, வந்து நிற்கும் ஆளுக்கும் வழியில்லாமல் போகிறது. ஒற்றைக் கம்பி சிக்னலில் பேத்தியின் பாடம் சுற்றிச் சுற்றி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் ஐஸ்லாந்து. இங்கிருந்து சிங்கப்பூருக்குத் தரவு போய்த் திரும்பச் சில பத்து மில்லிவினாடிகள் போதும். ஐரோப்பாவுக்கு என்றால் 150க்கும் மேல். எந்த நெறிமுறையாலும் கடலைச் சுருக்க முடியாது.

யூடிபிக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றிக் காட்டினேன், பாடம் திறந்தது. அதன் பிறகு அந்தச் செயலியையே நீக்கிவிட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஓப்பன்விபிஎன் கெட்டது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜேம்ஸ் யோனன் 2001இல் வெளியிட்டது. இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பேர் தட்டிப் பார்த்தும் நிற்கிறது. அந்த மெதுவான டிசிபி வழிக்கும் ஒரு வேளை வரும். போன ஆண்டு என் மனைவியின் கண் அறுவைக்காக ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த வைஃபை இணையப் பக்கங்களுக்கான கதவை மட்டும் திறந்து வைத்து, யூடிபியை முழுக்க அடைத்திருந்தது. என் வழக்கமான விபிஎன் செத்துக் கிடந்தது. ஓப்பன்விபிஎன்னை டிசிபியில் 443ஆம் கதவுக்கு மாற்றியதும் உயிர் வந்தது. வங்கிப் பக்கங்கள் வருவதும் அதே கதவு வழியாகத்தான்; ஆகவே அதை யாரும் அடைப்பதில்லை. மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் கடையில் விட்டு வந்த பாரங்களைப் பார்க்க முடிந்தது.

என் வழக்கமான விபிஎன் வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே, அதன் 5.6 பதிப்பில், சேர்த்துக்கொள்ளப்பட்டது. அங்கே அதன் நிரல் ஏறக்குறைய 4,000 வரிதான். கணக்குப் புத்தகம் மெலிதாக இருந்தால் பொய்க் கணக்கு ஒளிய இடம் குறைவு என்பது கிராணி வேலை பார்த்த எவருக்கும் தெரியும். வீட்டில் வெற்றிலைப் பெட்டி அளவில் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்று வைத்திருக்கிறேன். கடைப் பாரங்களின் நகல்கள் அதில்தான் இருக்கின்றன. என் வீட்டு இணைப்பு பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் வகை என்பதால் வெளியிலிருந்து நேரே கதவைத் தட்ட முடியாது. அதனால் அந்தப் பெட்டி தானே கிள்ளானில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு ஒரு சுரங்கம் போட்டுக்கொண்டு காத்திருக்கும். நான் கடையிலிருந்து மகள் வீட்டு வழியாக அதற்குள் நுழைவேன். அந்தப் பெட்டியின் சில்லில் ஏஇஎஸ் என்ற பூட்டுமுறைக்கான தனி வசதி கிடையாது. ஓப்பன்விபிஎன்னை அதில் ஏஇஎஸ் பூட்டோடு ஓட்டியபோது பெட்டி சூடேறியதுதான் மிச்சம். வயர்கார்டு பயன்படுத்தும் சாச்சா20 பூட்டுக்கு அப்படித் தனி வசதி எதுவும் தேவையில்லை. ஒரே பெட்டி, ஒரே இணைப்பு. கோப்பு நகரும் வேகத்தில் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது.

ஆனால் வயர்கார்டு பேசாத பிள்ளை. வயர்கார்டில் கடவுச்சொல் கிடையாது. இரு பக்கமும் ஆளுக்கொரு ஜோடிச் சாவி: ஒன்று ரகசியச் சாவி, மற்றது அடுத்த பக்கத்துக்குக் கொடுக்கும் பொதுச் சாவி. ஒவ்வொன்றும் 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி. மகள் தன் பக்கத்துப் பொதுச் சாவியைத் தொலைபேசியில் படிக்க, மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன். பெரிய 'ஐ'யைச் சிறிய 'எல்' என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். இரண்டு மாலைப்பொழுது போயிற்று. தன்னை நிரூபிக்காதவனுக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. கதவைத் தட்டினால் யார் என்று கூடக் கேட்காது. 'சாவி தவறு' என்று ஒரு வார்த்தை திரையில் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். திருடன் இருட்டில் தடவும்போது அங்கே வீடு இருப்பதே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். புரிகிறது. இருந்தாலும் அந்த இரண்டு மாலைப்பொழுதில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்தது இடி. எங்கள் ஊர் மாலை மழையைப் பற்றிப் பேராக்கில் யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒரு நாள் இடி இடித்து மின்சாரம் போய் வந்தது. விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, சுரங்கம் மட்டும் வரவில்லை. மறுநாளும் இல்லை. காரணம் கடிகாரம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் கடிகார பேட்டரி கிடையாது; மின்சாரம் போனால் மணி பின்னுக்குப் போய்விடும். வயர்கார்டு ஒவ்வொரு முறை கைகுலுக்கும்போதும் நேரத்தைச் சேர்த்து அனுப்பும். முன்பு வந்ததைவிடப் பழைய நேரத்தோடு ஒரு வணக்கம் வந்தால், பழைய கடிதத்தை எவனோ திருப்பி அனுப்புகிறான் என்று மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். பெட்டி சரியான மணியை இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எல்லாப் போக்குவரத்தும் சுரங்கத்தின் வழியே போகட்டும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். மணி சரியானால்தான் சுரங்கம், சுரங்கம் இருந்தால்தான் மணி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். மணி கேட்கும் வேலையைச் சுரங்கத்துக்கு வெளியே விட்ட பிறகுதான் தீர்ந்தது.

இன்னொரு சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இதற்காகவே வருகிறார்கள். விபிஎன் போட்டதும் சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரிய பக்கங்கள் பாதியில் நிற்கின்றன என்றால், தரவுப் பொட்டலம் வழியைவிடப் பெரிதாக இருக்கிறது என்று பொருள். பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியூ என்ற எண்ணை வயர்கார்டு வழக்கமாக 1420 என்று வைக்கும். அதை 1280 ஆக்கிப் பாருங்கள்.

பேருந்தில் போய்வருகிறவர்களுக்கு ஐகேஇவி2 என்ற நெறிமுறை பற்றியும் உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். ஐஃபோனிலும் விண்டோசிலும் தனிச் செயலி இல்லாமலே இருக்கிறது. மொபைக் என்ற கூடுதல் வசதி 2006 முதல் அதற்கு உண்டு. வைஃபையிலிருந்து கைப்பேசி இணைப்புக்கு மாறும்போது முகவரி மாறினாலும் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். கடை வைஃபையோடு ஏறி, செம்மோர் பக்கம் சிக்னல் மாறி, ஈப்போவில் இறங்கும்வரை ஒரே அழைப்பில் நான் பேசியிருக்கிறேன். வயர்கார்டும் இதைச் செய்யும். ஐகேஇவி2 குறிப்பிட்ட இரண்டு கதவுகளை நம்பி இருப்பதால் கண்டிப்பான வைஃபைகளில் எளிதில் அடைபட்டுப்போகும்.

இதுவரை எழுதியது வேகமும் இணைப்பும் பற்றியது. அந்தரங்கம் என்று வரும்போது எனக்கு உங்கள் கட்டுரையாளர் மேல் உண்மையாகவே கோபம். வயர்கார்டோ ஓப்பன்விபிஎன்னோ ஐகேஇவி2வோ, சரியாக அமைத்தால் வழியில் நிற்பவன் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் சுரங்கத்தின் அந்த முனையில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து உங்களைக் காப்பாற்ற எந்த நெறிமுறையாலும் ஆகாது. வயர்கார்டின் சர்வர், நீங்கள் கடைசியாக எந்த முகவரியிலிருந்து வந்தீர்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும். அதை அழிப்பதும் அழிக்காமல் விடுவதும் நடத்துகிறவர் கையில். என் விஷயத்தில் அந்த முனையில் இருப்பது என் மகள். அந்த அம்மாவின் விஷயத்தில் யார்? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 2016இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைச் சோதித்தார்கள். அவற்றில் 18 விழுக்காடு தரவைப் பூட்டவே இல்லை. 75 விழுக்காட்டில் ஆளைப் பின்தொடரும் நிரல்கள் இருந்தன. இதனால்தான் அந்தச் செயலியை நீக்கினேன். வங்கிப் பக்கமும் வாட்ஸ்அப்பும் விபிஎன் இல்லாமலே பூட்டிய நிலையில்தான் வருகின்றன. அப்படிப்பட்ட பக்கங்களில், வழியில் நிற்பவனிடமிருந்து விபிஎன் கூடுதலாக மறைப்பது நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைத்தான். அதையும் உங்கள் இணைப்பு நிறுவனத்திடமிருந்து மறைத்து, முகம் தெரியாத ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

அதையாவது முழுதாக மறைக்கிறதா? 2024 செப்டம்பரில் எல்லா டிஎன்எஸ் கேள்விகளையும் உள்நாட்டு நிறுவனங்களின் சர்வர்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் சொல்ல, நாடெங்கும் பேச்சு எழுந்து, அமைச்சர் ஃபாஹ்மி ஃபாட்சில் தலையிட்டு அது நிறுத்தப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இணையத் தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்பதுதான் டிஎன்எஸ் கேள்வி. அந்தப் பரபரப்பில்தான் நானும் என் அமைப்பைத் திறந்து பார்த்தேன். டிஎன்எஸ் என்ற வரியையே எழுதாமல் விட்டிருந்தேன். தரவு சுரங்கத்துக்குள் போக, 'இன்ன தளம் எங்கே இருக்கிறது' என்ற கேள்வி மட்டும் தெருவில் நின்று உரக்கக் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரிகளையும் சேர்க்க மறந்திருந்தேன். கைப்பேசி இணைப்பில் போகும்போது ஒரு பங்கு போக்குவரத்து சுரங்கத்தைத் தொடாமலே போயிருக்கிறது. உலகத்திலேயே சிறந்த நெறிமுறையை வைத்துக்கொண்டு இந்தக் கூத்து. சோதிக்க இணையத்தில் டிஎன்எஸ் கசிவுச் சோதனைப் பக்கங்கள் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தரங்கமே நோக்கம் இல்லை, இங்கே திறக்காத தமிழ்நாட்டு நாடகமும் கிரிக்கெட்டும்தான் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது நெறிமுறையின் பெயர், சர்வர் இருக்கும் நாடு, செயலியை நடத்துவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, இவற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் ஒன்றைச் செய்யலாம். உங்கள் கட்டுரையாளர் தம் கைப்பேசியை எடுத்து, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நெறிமுறை என்ற வரிக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து அதை அப்படியே அச்சிடட்டும். 'தானியங்கி' என்று இருந்தாலும் பரவாயில்லை, அச்சிடுங்கள். அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.